லூர்தம்மாள் வீட்டு மாவும் எங்கள் கரண்ட் பில்லும்

படப்பை,
21-3-1991, வியாழன்.

மதிப்பிற்குரிய நடேசன் மாமா அவர்களுக்கு,

மைத்துனன் பரசுராமன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் கூடத் தங்கிப் படிக்கும் மூன்று பேரும் நலம், திருமலையின் வலது தோள்பட்டையைத் தவிர. அங்கே மறைமலை நகரில் தங்கள் நலமும், ரத்னா அக்காவின் நலமும், குழந்தை கவிப்பிரியாவுக்கு இருமல் விட்டதா என்பதும் அறிய ஆவல். தங்களுக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று தெரியாததால் நேரில் வராமல் எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் இட்லி வாங்க வரும் தங்கள் கம்பெனி ஆள் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புவேன். தாங்கள் மட்டும் படிக்கவும். அக்காவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்தால் நான் அடுத்த பஸ்ஸில் உத்திரமேரூர் போய்ச் சேருவேன். டிப்ளமோ கடைசிப் பரீட்சை ஏப்ரலில் வருகிறது. அது முடிகிற வரைக்கும் இந்த வீடு எங்களுக்கு வேண்டும். விஷயம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பது.

போன நவம்பரில் தாங்கள் இங்கே வந்து போனது நினைவிருக்கும். மாடிப்படிக்கு அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மீட்டர். மேலே இருப்பது மாடியில் குடியிருக்கும் எங்களுடையது, கீழே இருப்பது கீழே இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் லூர்தம்மாளுடையது. இரண்டு கனெக்சனும் காலமான அவர் கணவர் பேரில். அந்த நவம்பர் ரீடிங்கில் எங்கள் மீட்டர் கார்டில் ஏறியிருந்த யூனிட்டைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, "நாலு பேரும் படிக்கிறீங்களா, இல்ல மேல வெல்டிங் பட்டறை போட்டுகினு கீறீங்களா?" என்று கேட்டார். நாங்கள் பணம் திரட்டிக் கட்டுவதற்குள் கெடு தாண்டிவிட்டது. ஈ.பி. ஆள் பீஸ் கட்டையைப் பிடுங்க வந்து வாசலில் நின்றதைத் தெருவே பார்த்தது. அதில்தான் அவருக்குக் கோபம், செத்துப்போன மனுஷன் பேருக்கு இப்படி ஒரு மானக்கேடா என்று. அன்றைக்குத் தாங்கள் வந்து, "இனிமே ஏறாதும்மா, பசங்களுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னதால்தான் வீடு தங்கியது. மாடி கட்டியபோது அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தது தாங்கள் என்பதால் தங்கள் சொல்லுக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு. இந்த ஒயரிங் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

தாங்கள் பஸ் ஏறியதும் நாங்கள் கூட்டம் போட்டோம். மின்சாரச் சிக்கனத்துக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். நான் கடுமையாகத்தான் நடந்துகொண்டேன், அதில் எனக்கு வருத்தமில்லை. முதல் வேலையாக வெந்நீர் போடுகிற ஹீட்டரைப் பிடுங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மார்கழி முழுக்க நாலு பேரும் பச்சைத் தண்ணியில் குளித்தோம். குளித்தோம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது, ஜெபகுமார் கிறிஸ்துமஸுக்குக் குளித்தான், அப்புறம் பொங்கலுக்குக் குளித்தான். ஹாலில் இருந்த அறுபது வாட்டைக் கழட்டிவிட்டு ஜீரோ வாட் மாட்டினேன். அந்த வெளிச்சத்தில் சுப்பிரமணி உப்புமாவுக்கு உப்பு என்று துணி சோடாவை அள்ளிப் போட்டான், வீணாக்கக் கூடாது என்று பாதி தின்றோம், மறுநாள் யாரும் காலேஜ் போகவில்லை. இஸ்திரிப் பெட்டிக்குத் தடை போட்டேன். அதற்குப் பதிலாகச் சொம்பில் நெருப்புத் துண்டைப் போட்டுத் தேய்த்ததில், திருமலை அப்ரன்டிஸ் இன்டர்வியூவுக்கு என்று வைத்திருந்த சட்டையில் பாக்கெட் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை விழுந்தது. அவன் அதே சட்டையில்தான் போனான், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னதால் ரொம்ப அடக்கமான பையன் என்று எடுத்துக்கொண்டார்கள். படிக்கிறதுக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடை டியூப் லைட்டுக்குப் போனோம். கடைக்காரர் பாண்டுரங்கன் தங்கமான மனுஷர்தான், ஆனா அரை மணிக்கு ஒரு டீ குடிக்காதவனுக்கு பெஞ்சு கெடையாதுன்னுட்டார். டீக்கு ஆவுற செலவ கரண்ட் கணக்குல சேக்கக் கூடாதுன்னு நான் தீர்ப்பு சொன்னேன், ஏன்னா என் பொறுப்பு கரண்ட் மட்டும்தான்.

இவ்வளவும் செஞ்சிட்டு ஜனவரி ரீடிங்குக்கு நாலு பேரும் படிக்கட்டுல வரிசையா உக்காந்துகினு காத்திருந்தோம். ரீடிங் எடுக்கிறவர் வந்தார், எழுதினார், போனார். எங்க கார்டுல போன தடவைய விட ஏறி இருந்தது. லூர்தம்மாளோட கார்டுல பாதிக்குப் பாதி எறங்கி இருந்தது. அந்த அம்மா ரெண்டு கார்டையும் கையில வெச்சிகினு எங்களுக்கு ஒரு பிரசங்கமே பண்ணினாங்க. அவங்க காலைல பஸ் ஸ்டாப்புல ஷிஃப்ட் ஆளுங்களுக்கு இட்லி விக்கிறது உங்களுக்குத் தெரியும், அதுக்காக தீபாவளி சமயத்துல கிரைண்டர் ஒண்ணு வாங்கிப் போட்டாங்க. "எங்கிட்ட கிரைண்டர் ஓடுது, மிக்ஸி ஓடுது, அப்பவும் எனக்குக் கொறஞ்சி கீது. சிக்கனம்னா இன்னான்னு ஒரு பொம்பளையப் பாத்துக் கத்துக்கங்க"ன்னாங்க. தனக்குத்தான் கரண்டே ஆவறதில்லையேன்ற சந்தோஷத்துல அடுத்த வாரமே தவணைல ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிட்டாங்க. எங்களுக்கு மட்டும் கெடு. "அடுத்த ரீடிங்லயும் ஏறினா ஈஸ்டருக்கு முன்ன வூட்டக் காலி பண்ணிடுங்க. நடேசன் தம்பி மூஞ்சிக்காக இன்னொரு தபா பாக்கறேன்."

மாடிக்கு வந்ததும் மூணு பேரும் என்னைத்தான் பாத்தானுங்க. நான் இவனுங்க தூங்கினப்புறம் திருட்டுத்தனமா ஹீட்டர் போட்டுக் குளிக்கிறேன்னு ஜெபகுமாருக்கு சந்தேகம். "எங்கள ஐஸ்ல ஒக்கார வெச்சிட்டு நீ மட்டும் சுடுதண்ணில ஊறினியாடா?"ன்னு கேட்டான். நான் பெட்டியத் தொறந்து காட்டினேன், ஹீட்டர் மேல கரப்பான் முட்டை விட்டிருந்தது. அதுக்கப்புறம்தான் நம்பினான். அப்ப கரண்ட் எங்கதான் போவுது? இருக்கிறது ஒரே வழின்னு நான் கீழ போய் மேல் மீட்டரோட பீஸ் கட்டையப் பிடுங்கினேன், எங்க வூட்ல எல்லாம் நின்னப்புறமும் சக்கரம் ஓடினா மீட்டர் மேல தப்புன்னு. நாங்க ரெண்டு பேர் எலக்ட்ரிகல் படிக்கிறதால இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். பிடுங்கின ஒடனே மேல இருந்து சுப்பிரமணி, "லைட்டு எரியுதுடா, ரேடியோவும் பாடுது"ன்னு கத்தறான். கீழ் வூட்டுக்குள்ள இருந்து லூர்தம்மாள், "யார்ரா அது, கிரைண்டர் நின்னு போச்சி"ன்னு கத்தறாங்க. நான் கட்டைய திரும்பச் சொருகினேன். கிரைண்டர் ஓட ஆரம்பிச்சிது, சக்கரமும் ஓட ஆரம்பிச்சிது.

மாமா, இதுக்கு மேல நான் எழுதறதத் தப்பா எடுத்துக்கக் கூடாது. தங்கள் கைராசியைப் பற்றி படப்பையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனா மேல் மீட்டர்ல வர்ற கரண்ட் கீழ் வூட்டுக்கும், கீழ் மீட்டர்ல வர்ற கரண்ட் மேல் வூட்டுக்கும் போவுது. ஒயரைக் குடுக்கும்போது எங்கயோ கை மாறி இருக்கு. அன்னிக்கி ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு வந்து வேலை செஞ்சிருப்பீங்க, இல்ல பாதில யாராவது கூப்ட்டிருப்பாங்க, மனுஷனுக்கு இது சகஜம்தான். அவங்க கிரைண்டருக்கு நாங்க கட்டிகினு இருந்தோம், நாங்க பல்லைக் கடிச்சிகினு மிச்சம் புடிச்சது பூரா அவங்க கார்டுல எறங்கி ஃப்ரிட்ஜா வந்து நின்னுச்சு.

ஒடனே போய் சொல்லி இருக்கலாமேன்னு கேப்பீங்க. நாங்களும் பேசினோம். தங்களுக்கு ஒயர்மேன் லைசென்ஸ் வரப்போற நேரம், இப்ப இது வெளிய வந்தா நல்லா இருக்காதுன்னு நான் சொன்னேன். பில்லு கட்ட வக்கில்லாம கத விடறானுங்கன்னு சொல்லுவாங்கன்னு திருமலை சொன்னான். சுப்பிரமணிதான் இன்னொண்ணு யோசிச்சான். கிரைண்டர் வர்றதுக்கு முன்ன, ரெண்டு வருஷமா, நாம ஹீட்டரும் இஸ்திரியும் ரேடியோவுமா எரிச்சி தள்ளினோம், அந்த அம்மா ஒத்த பல்புல குடித்தனம் பண்ணினாங்க, அப்பல்லாம் யாரு பில்ல யாரு கட்டினதுன்னான். அதுக்கப்புறம் சொல்லலாம்னு யாரும் பேசல. ஆனா கெடு அப்படியேதான் இருக்கு. நம்ம கார்டு கொறையணும்னா லூர்தம்மாள் வூட்ல கரண்ட் கொறையணும், வேற வழி கெடையாது. அதனால நாங்க சிக்கனத்த அப்படியே ஒரு மாடி கீழ எறக்கினோம்.

மறுநாளே நாலு பேரும் போய், "அம்மா, கிரைண்டர் மாவு சூடேறி சப்புனு ஆயிடுது, நாங்க கல்லுல ஆட்டித் தர்றோம்"னு சொன்னோம். அவங்க எங்கள ஏற எறங்கப் பாத்தாங்க. கொல்லைல கெடந்த ஆட்டுக்கல்ல கழுவி எடுத்தோம். திருமலை கொழவி சுத்தினான், நான் தள்ளி விட்டேன். ரெண்டு படி அரிசி ஆட்டறதுன்னா இன்னான்னு இப்ப எங்களுக்குத் தெரியும். அவன் தோள்பட்டை போனது அதுலதான். மாவு நல்லா வந்துட்டதால ஷிஃப்ட் ஆளுங்க கூட ரெண்டு இட்லி கேக்க ஆரம்பிச்சிட்டாங்க, அந்த அம்மா மூணு படி ஊறப் போட்டாங்க. தினம் புதுசா ஆட்டற மாவுக்கு ஃப்ரிட்ஜ் எதுக்குன்னு சொல்லி அதையும் பிடுங்க வெச்சோம், இப்ப அதுல பாத்திரம் அடுக்கி வெச்சிகீறாங்க. ஃபேன் காத்து மொழங்கால் வலிக்கு ஆவாதுன்னு சுப்பிரமணி எங்கயோ படிச்ச மாதிரி சொல்லிட்டு, தானே பனை விசிறி எடுத்து வீசினான். சாயங்காலம் ஜெபமாலைக்கு டியூப் லைட் போடறாங்கன்னு ஜெபகுமார், மெழுகுவத்தி வெளிச்சத்துல ஜெபம் பண்ணினாதான் பக்தி வரும்னான். அவங்க, சரி, நீயும் வந்து முட்டி போடுன்னுட்டாங்க. அவன் சி.எஸ்.ஐ. சபை, அங்க ஜெபமாலை வழக்கமே கெடையாது, இருந்தாலும் வாய மட்டும் அசைச்சிகினு தவக்காலம் பூரா முட்டி போட்டுகினு கீறான். ஒரு நாள் இவன் எழுந்துக்க முடியாம செவத்தப் புடிச்சத பாத்துட்டு அந்த அம்மா அழுதுட்டாங்க. "என் வயித்துல பொறந்தவன் பம்பாய்ல கீறான், ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குடுத்ததில்ல. நீங்க எவன் பெத்த புள்ளைங்களோ"ன்னாங்க. எங்களுக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல.

இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். மார்ச் ரீடிங் போன வாரம் எடுத்தார்கள். எங்கள் கார்டு அடியோடு இறங்கிவிட்டது. லூர்தம்மாள் கெடுவை ரத்து செய்து, பரீட்சை வரைக்கும் தாராளமாக இருங்கள், அதற்குப் பிறகும் உங்களை மாதிரிப் பிள்ளைகளையே பார்த்துக் குடிவையுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனா அவங்க கார்டு மேல ஏறிடுச்சு. காரணம் நாங்கதான். மாவாட்டற ஒடம்பு வலிக்கு சுடுதண்ணி இல்லாம முடியலன்னு திருமலை ஹீட்டரக் கேட்டான், எப்படியும் அது நம்ம கார்டுல ஏறாதேன்னு நான் சாவியக் குடுத்தேன். அப்புறம் அறுபது வாட் வந்தது, இஸ்திரி வந்தது. கெட்ட எண்ணத்துல செய்யல, ஆனா செஞ்சோம். அவங்க கார்டப் பாத்துட்டு, "நான் கிரைண்டரத் தொடல, ஃபேனத் தொடல, இருட்டுல ஜெபம் பண்றேன், எனக்கு எப்படி ஏறுது? மீட்டருக்குப் பித்துப் புடிச்சி கீது"ன்னு சொல்லி ஈ.பி.ல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாங்க. திங்கட்கிழமை லைன்மேன் வந்து போர்டத் தொறந்து பாக்கப் போறார்.

அவர் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். தங்கள் பெயரும் கெடும், எங்களுக்கு வீடும் போகும், பரீட்சையும் போகும். ஆகவே மாமா, தாங்கள் தயவுசெய்து இந்த ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே வர வேண்டும். அன்றைக்குக் குருத்தோலை ஞாயிறு. லூர்தம்மாள் ஓலை பிடித்துக்கொண்டு பவனி போய்விட்டுப் பூசை முடிந்து வர நேரமாகும். மீட்டரின் ஈ.பி. முத்திரையைத் தொட வேண்டாம், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் வருகிற ஒயரை இடம் மாற்றினால் போதும். நாங்களே செய்யலாம் என்று சுப்பிரமணி சொன்னான், வேண்டாம் என்று மற்ற மூன்று பேரும் ஒருமனதாகச் சொல்லிவிட்டோம். டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுவரவும். யாராவது கேட்டால் மச்சினனைப் பார்க்க வந்தேன் என்று சொல்லவும், அது உண்மைதான்.

அக்காவுக்கு என் அன்பு, குழந்தைக்கு என் முத்தம், மற்றபடி ஒன்றும் சொல்ல வேண்டாம். தங்களுக்கு லைசென்ஸ் நல்லபடியாகக் கைக்கு வரப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
பரசுராமன்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை ராத்திரி எழுதுவது. மாமா, மேல எழுதினதுல தங்களப் பத்தி வர்ற எடத்த எல்லாம் அடிச்சிட்டதா நெனச்சிக்கவும். திங்கட்கெழம வர வேண்டிய லைன்மேன் எதிர்க் கம்பத்துக்கு வந்தவர் இன்னிக்கே உள்ள வந்துட்டார். போர்டத் தொறந்து பாத்தார், ஒயரப் புடிச்சிகினே போய்ப் பாத்தார், "சுத்தமான வேலை, ஒரு கொறையும் இல்ல"ன்னு மூடிட்டார். மொதல்ல கட்டினது கீழ் வூடுதானாம். அப்ப மாட்டின மீட்டர்தான் மேல இருக்கிறதாம். அப்புறம் மாடி கட்டினப்ப ரெண்டாவது மீட்டருக்கு அதுக்குக் கீழதான் எடம் இருந்துதாம். "மேல் வூட்டுக்கு மேல் மீட்டர்னு உங்களுக்கு எவன் சொன்னது?"ன்னு கேட்டார். லூர்தம்மாள் எங்களப் பாத்தாங்க. "எனக்கு இன்னா தெரியும், அதெல்லாம் எங்க வூட்டுக்காரர் பாத்துக்குவார். கரண்ட் படிக்கிற புள்ளைங்களாச்சேன்னு இவங்க வந்த அன்னிக்கி எந்த மீட்டர் யாருதுன்னு இவங்களத்தான் கேட்டேன்"ன்னாங்க. சுப்பிரமணி செவத்துப் பக்கம் திரும்பிகினான்.

லைன்மேன் போனப்புறம் அந்த அம்மா படிக்கட்டுல ஒக்காந்து ஒவ்வொண்ணா கேட்டாங்க. "அப்ப என் மாவ ஆட்டினது உங்க பில்லுக்கா?" திருமலைக்குப் பொய் வராது, "ஆமாம்மா"ன்னுட்டான். "ஜெபம்?" ஜெபகுமார் தலைய குனிஞ்சிகினான். "ரெண்டு வருஷமா உங்க சுடுதண்ணிக்கு நான் கட்டினேனா?" அதுக்கும் திருமலை ஆமான்னான். அவங்க எழுந்து உள்ள போய்ட்டாங்க, கத்தி இருந்தா தேவலாம்னு இருந்தது. எனக்கு ரொம்ப அவமானமா இருந்தது மாமா. பெட்டி கட்டிடலாம்னு சுப்பிரமணி சொன்னான்.

சாயங்காலம் கொல்லைல அரிசி எப்பவும் போல ஊறிகினு இருந்தது. யாரும் எங்களக் கூப்பிடல. நாங்களே எறங்கிப் போய் ஆட்ட ஆரம்பிச்சோம். கொஞ்ச நேரம் கழிச்சி அந்த அம்மா கதவண்ட வந்து நின்னாங்க. "இப்ப ஆட்டினா கொறையறது என் பில்லு. தெரியுமில்ல?" தெரியும்மான்னு சொன்னோம். வூடு இன்னா ஆவும்னு சுப்பிரமணி கேட்டான். "காலி பண்ணிட்டா எனக்கு யார் ஆட்டறது? பரீட்ச முடியற வரிக்கும் இருங்க. துட்டு கேட்டா உங்க அப்பனுங்கதான் தரணும், அது வாணாம். ரெண்டு வருஷத்து சுடுதண்ணிக்கு தெனம் மூணு படி ஆட்டுங்க"ன்னாங்க. நானும் அத்தோட சும்மா இருந்திருக்கணும். மாமா ஒயரிங் சரிதான்னு லைன்மேனே சொல்லிட்டார், அது தெரியாம பாவம் ஞாயித்துக்கெழம அவர வேற மெனக்கெட்டு வரச் சொல்லி லெட்டர் எழுதிட்டேன்னு ஒளறிட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க, நீங்க பூசைக்குப் போற நேரத்துல ஒயர மாத்தறதுக்குன்னு அதையும் திருமலை சொல்லிட்டான். அவங்க என்னையும் ஆட்டுக்கல்லையும் பாத்தாங்க. அப்புறம், "வரட்டும். பசங்களுக்கு நான் பொறுப்புன்னு சொன்னவரு அவருதானே. நான் பூசை முடிஞ்சி வர்றதுக்குள்ள அவரும் ஒரு ஈடு ஆட்டி வெக்கட்டும்"ன்னாங்க.

ஆகவே மாமா, ஞாயிறு காலை தாங்கள் வருவதில் மாற்றம் எதுவும் இல்லை. டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம், பழைய லுங்கி ஒன்று எடுத்து வரவும்.